ஓதுவார் கன்னத்தில் ஒரு வேர்

டில்லியில் தர்பார் நடந்த வருஷம் அது. கலெக்டர் துரை சுடப்பட்டதிலிருந்து திருநெல்வேலி ஜில்லாவில் எல்லாருக்கும் போலீஸ் பயம். இரண்டு பேர் தெருவில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாற்றிக்கொண்டால்கூட, மூன்றாவதாக ஒரு சிவப்புத் தலைப்பாகை வந்து நின்று என்ன சங்கதி என்று விசாரிக்கும். பேட்டைக்கு மேற்கே, ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் பதிகம் பாடிவந்த தாணுமாலையன் ஓதுவாருக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். வேறொரு பயம் முன்னாலேயே வந்து முழு வீட்டையும் குடக்கூலிக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அது தொண்டைப் பயம்.

பரம்பரையாக வந்த பயம்தான். அவருடைய அப்பாவும் அதே கோயிலில் ஓதுவார். அவர் பாடினால் அக்கரை வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். ஐம்பதை நெருங்குகிற வயதில், ஓர் ஐப்பசி மழையில் நனைந்தார், சளி பிடித்தது. சளி போயிற்று, போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கோயிலின் ஏற்பாடு ரொம்பச் சுருக்கமானது. பாடுகிறவனுக்கு மானிய நிலமும், குடியிருக்க சந்நிதித் தெருவில் ஒரு வீடும். பாடாதவனுக்குப் பிரசாதம். அப்பாவின் நல்ல காலம், பாட மகன் இருந்தான், வீடு தங்கியது. தாணுமாலையனுக்கு இரண்டும் பெண்கள். பாட இருந்தவன் மனைவி சண்முகசுந்தரியின் தம்பி தில்லைநாயகம். பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவன், கற்றுக்கொண்ட பிறகும் போகவில்லை. அத்தான் பாடும்போது பின்னால் நின்று துணைக்குரல் கொடுப்பான். அந்தத் துணைக்குரல் கொஞ்ச நாளாகத் துணையாக இல்லை. முந்திக்கொண்டு வருகிறது என்பது ஓதுவாரின் அபிப்பிராயம்.

இப்படியொரு நிலைமையில் ஒருவன் என்ன செய்வான்? ஓதுவார் அதிமதுரம் மென்றார்.

பேட்டையில் தாஜ் முகம்மதுவின் மருந்துச் சரக்குக் கடையில் அது கிடைக்கும். கப்பல் ஏறி பம்பாய் வந்து, பம்பாயிலிருந்து ரயில் ஏறி வருகிற மஞ்சள் வேர். பார்த்தால் விறகுச் சுள்ளி. கடித்தால் கரும்பு தோற்கும். பாடுகிறவர்கள் தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது எங்கேயும் உள்ள வழக்கம். ஓதுவார் அந்த வழக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். தொண்டை கட்டிய பிறகு எதற்கு? கட்டாமலே பார்த்துக்கொள்ளலாமே? காலையில் பல் விளக்கியதும் இடது கன்னத்தில் ஒரு துண்டு போகும். அது சாரமிழந்து நாராகிற நேரத்துக்கு அடுத்தது தயாராக மடியில் இருக்கும். சாப்பாட்டு நேரத்திலும் தூக்க நேரத்திலும் மட்டும் கன்னத்துக்கு விடுமுறை.

சந்நிதியில் நின்றுகொண்டு எச்சில் பண்ணலாமா என்று குருக்கள் ஒருநாள் முனகினார்.

“எச்சில் நாக்குல பட்டாத்தானவே?” என்றார் ஓதுவார். “இது கன்னத்துல கிடக்கு.”

இதற்கு எந்த ஆகமத்தில் பதில் இருக்கிறது என்று குருக்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஆவணியில் ஓதுவாரின் கால் வீங்க ஆரம்பித்தது.

முதலில் அவர் அதைச் சதைப்பிடிப்பு என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஒருநாள் வேட்டியைத் தூக்கிக் கொசு அடிக்கும்போது, அடித்த இடத்தில் விரல் பதிந்து, பதிந்தது பதிந்தபடியே இருந்ததைப் பார்த்தார். கட்டை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வர, மனசுக்குள் பைய ஒரு ‘நமசிவாய’ சொல்லி முடிக்கிற நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து அதுவே அவருக்கு அளவுகோல். காலையில் எழுந்ததும் அமுக்குவார். ஒரு நமசிவாயத்தில் குழி எழும்பினால் அன்றைக்கு நல்ல நாள். இரண்டாவது நமசிவாயத்துக்கும் எழும்பாவிட்டால் முகம் கறுத்துவிடும். மகாதேவன் பெயரை அதற்கு முன் அவர் அத்தனை கவனத்தோடு சொன்னதில்லை. இதையும் சிவன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

கால் மட்டும் இல்லை. பிடரியில் ஓயாத ஒரு கனம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு புரண்டது மாதிரி ஒரு துடிப்பு. ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது தொடை இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி நடந்துகொண்டன. மேல் தெருவில் இப்படிக் கால் வீங்கின ஒரு கணக்கப்பிள்ளை அறுப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். ஓதுவார் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

பிச்சைக்கண்ணு வைத்தியரிடம் போனார்கள். கை பார்ப்பதில் பெரிய பேர். நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் ஆள் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வரும்.

“என்னவே சாப்பிடுதீரு?”

ஓதுவார் சொன்னார். காலையில் பழையது, உச்சிக்குச் சோறு, ராத்திரி ரசம். எண்ணெய் தேய்க்கிற கிழமை வரைக்கும் விவரமாகச் சொன்னார்.

“மருந்து மாயம் ஏதும் உள்ள போகுதா? வேற வைத்தியன் கொடுத்த சூரணம், லேகியம்?”

“ஒண்ணும் கிடையாது, அய்யா. நாக்குல கசப்புன்னு ஒண்ணு பட்டு வருஷமாச்சு.”

இதில் பொய் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. கசந்தால் மருந்து, இனித்தால் பண்டம். திருநெல்வேலிக்காரன் நாக்கு அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. வேப்பங்கொழுந்து மருந்து, அல்வா பண்டம். இனிக்கிற ஒன்றை மருந்து என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. சொல்லும்போது இடது கன்னம் மேலும் கீழும் அசைந்துகொண்டுதான் இருந்தது. வைத்தியரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓதுவார் என்றால் கன்னம் அப்படி இருக்கும் என்று ஊரே பழகிப்போயிருந்தது.

வைத்தியர் நீர்முள்ளிச் செடி போட்டுக் காய்ச்சுகிற ஒரு குடிநீர்க் கஷாயம் எழுதிக் கொடுத்தார். வீக்கத்துக்கு நல்ல சரக்குதான். ஓதுவார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கி, மறுநாளே வைத்தியர் வீட்டு வாசலில் நின்றார்.

“குடிக்க முடியலை, அய்யா. குமட்டுது.”

“பச்சைப் பிள்ளை தோத்துது போம்! சரி, இனிப்புக்கு ரெண்டு விரற்கடை அதிமதுரம் தட்டிப் போட்டுக்கிடும். தொண்டைக்கும் ஆச்சு.”

ஓதுவாருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வைத்தியர் வாயாலேயே அதிமதுரம் வந்துவிட்டது! இரண்டு விரற்கடை என்று வைத்தியர் சொன்னது எந்த விரல் என்று அவர் சொல்லவில்லை. ஓதுவார் தம் கால் கட்டை விரலை வைத்து அளந்தார். அது அந்த வீங்கின காலுக்குச் சொந்தமான விரல். குடிநீரில் பாதி, கன்னத்தில் பாதி என்று வேர் இரண்டு வாசல் வழியாகவும் உள்ளே போயிற்று. புரட்டாசி முடிவதற்குள் வீக்கம் முழங்காலைத் தொட்டது.

தில்லைநாயகம் ரொம்பக் கவலைப்பட்டான். “அத்தான், நீங்க படுத்துக்கிடுங்க. சாயரட்சைப் பூசைக்கு நான் பாடிக்கிடுதேன்” என்பான். இந்த ‘நான் பாடிக்கிடுதேன்’ ஓதுவாரின் காதில், ‘வீட்டுச் சாவி எங்கன இருக்கு’ என்று விழும். காலை இழுத்துக்கொண்டு போய்ப் பாடிவிட்டு வருவார். தாமும் போய்விட்டால், பெண்கள் இருவரும் அந்த வீட்டில் மாமன் தயவில் இருக்க வேண்டும். தயவில் இருப்பது என்றால் என்னவென்று தெரிய, அப்பா கடைசி வருஷங்களில் சோற்றுத் தட்டை எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே போதும்.

ஐப்பசி பிறந்ததும் சண்முகசுந்தரி ஒரு முடிவுக்கு வந்தாள். “வைத்தியரு பாத்ததெல்லாம் போதும். சஷ்டிக்குத் திருச்செந்தூர் போறோம். ஆறு நாளும் விரதம் இருங்க. முருகன் பாத்துக்கிடுவான்.”

வண்டி கட்டினார்கள். வண்டியில் ஏறும்போதே ஓதுவார் மடியைத் தடவினார்.

“அது எதுக்கு?” என்றாள்.

“கன்னத்துலதானட்டி கிடக்கப் போகுது. நாக்குல படாது.”

“இந்தச் சட்டமெல்லாம் குருக்கள்கிட்ட வச்சுக்கிடுங்க. வாயில தூசி விழுந்தாலும் விரதம் போச்சு. வீட்டிலேயே வைங்க. குடிநீரும் வேண்டாம்.”

தொண்டையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் குரல் சிந்திவிடும் என்பது போல மூடிக்கொண்டு போனார். ராத்திரிக்குப் பாலும் பழமும், மற்றபடி தண்ணீர். சூரசம்ஹாரமும் ஆயிற்று, கடலில் குளிப்பும் ஆயிற்று. திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கியபோது வேட்டிக்குக் கீழே பழைய கணுக்கால் தெரிந்தது! அமுக்கிப் பார்த்தார். ‘ந’ சொல்லும் முன்பே குழி எழும்பிவிட்டது.

தெருவே கூடிப் பார்த்தது. காலைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. முருகன் கனவில் வந்து வேலால் குத்தினானா, வெறும் கையால் தடவினானா என்பதில் தெருவின் கீழ்ச் சிறகு வீட்டுக்காரர்களுக்கும் மேல் சிறகு வீட்டுக்காரர்களுக்கும் வாக்குவாதம் வந்தது. ஓதுவார் எதையும் மறுக்கவில்லை. அவருக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். பத்து நாளைக்கு மேலாகத் தொண்டை காவலில்லாமல் கிடந்துவிட்டதே! நேரே பேட்டைக்குப் போனார்.

“என்ன ஓதுவாரய்யா, காலு வடிஞ்சு போச்சாமே! அல்ஹம்துலில்லாஹ்!” என்று தாஜ் முகம்மது எழுந்து வந்தார்.

“எல்லாம் உங்க ஆண்டவனும் எங்க முருகனும் பாத்துச் செஞ்சது, அண்ணாச்சி. வேரு ஒரு மூடை போடுங்க.”

“மூடையா? குடும்பத்தோட மெல்லுதீகளா?”

“வருஷத்துக்கும் ஆகட்டும்னுதான்.”

விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து மென்றார். இப்போது ஒரே கன்னத்தில் இரண்டிரண்டு துண்டாக. கார்த்திகைத் தீபத்தன்று, ஆற்றில் முழுகி எழுந்து படித்துறையின் பாதிப் படியில் தொடை மடங்கி உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கை ஊன்றினார், கையும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு இல்லை, கோழியே புரண்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்து வீட்டில் கிடத்தினார்கள். சண்முகசுந்தரி காலை அமுக்கினாள். குழியில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றலாம்.

தில்லைநாயகம் வாசலில் நின்று, “அக்கா, மார்கழி வருது. விடியக்காலம் யாரு பாடுதது?” என்று பைய கேட்டான்.

உள்ளே படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

அன்றைக்கு அவர் ரொம்ப யோசித்தார். யோசனையின் முடிவில் அவருக்குக் கிடைத்த ஞானம் இது: முருகன் கோபித்துக்கொண்டான். கும்பிடும்போது கொடுத்தான், வந்த பிறகு மறந்தோம், எடுத்துக்கொண்டான். அவனுக்கு எதையாவது விட்டுக் கொடுக்க வேண்டும். காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயை, ஒரு கனியை விட்டுவிட்டு வருகிறார்களே, அப்படி. விட்டால் ஆயுசுக்கும் தொடக் கூடாது.

“பாகற்காயை விட்டுடுதேன்” என்றார்.

சண்முகசுந்தரி விசிறியை நிறுத்தினாள். “நீங்க அதை எப்பத் தொட்டீங்க?”

“சரி. சுண்டைக்காய்.”

“முருகன் என்ன, உங்க மச்சினனா? ஏமாத்திக்கிட்டே இருக்கதுக்கு?”

“வெத்தலை?”

“போன வருஷமே பல்லு கூசுதுன்னு விட்டாச்சு. பிடிச்சதை விடணும். அது இல்லாட்டா உசிரு கிடந்து தவிக்கணும், அதுதான் நேர்ச்சை. மத்ததெல்லாம் அடுப்படிக் கழிவு.”

 ஓதுவாரின் இடது கன்னம் அசைவதை நிறுத்தியது. கை தானாக எழுந்து கன்னத்தை மூடிக்கொண்டது, யாரோ பிடுங்க வருவது மாதிரி. சஷ்டிக்கு எதை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம், திரும்பி வந்ததும் எதை எடுத்தோம் என்று இரண்டும் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. முருகனுக்கு இந்த வேர் மேல்தான் கண்! மாம்பழத்துக்காக மலை ஏறினவன். இனிப்பு என்றால் விடுவானா?

“அது தொழிலுட்டி” என்றார், அவள் ஒன்றுமே சொல்லாதபோது.

“தொழிலு நாக்குல இருக்கு. கன்னத்துலயா இருக்கு?”

“எங்கப்பா…”

“அவுக கதை எனக்கும் தெரியும். குரல் இல்லாட்டா வீடு போகும். நீங்களே போயிட்டா?” அவள் விசிறியைத் தரையில் போட்டாள். “தில்லை என் தம்பிதான். அவன் பாடினா சோறு வரும். எனக்கு அந்தச் சோறு வேண்டாம்.”

ஓதுவார் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்துக்குள் விரலை விட்டு அந்த நாரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் மூடையோடு அதிமதுரம் முழுவதும் கோயில் முருகன் சந்நிதிக்குப் போயிற்று. குடிநீருக்கு என்று தட்டி வைத்திருந்ததும் போயிற்று. குடிநீரைக் கசக்கக் கசக்கக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்புக்கா, குரலுக்கா என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

மார்கழி முதல் நாளுக்குள் வீக்கம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. ஆனால் அவர் அமுக்கிப் பார்க்கவே இல்லை. இப்போது பயம் காலிலிருந்து கிளம்பி மறுபடி தொண்டைக்குக் குடி வந்திருந்தது. குளிரில் கோயிலுக்கு நடக்கும்போது தொண்டையைக் கனைத்துப் பார்க்கக்கூட அஞ்சினார். கனைத்து, அங்கே ஒன்றும் இல்லாமல் போனால்?

நடை திறந்தது. தில்லைநாயகம் பின்னால் வந்து நின்றான். மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றான். தீபம் காட்டியதும் ஓதுவார் வாயைத் திறந்தார்.

முதல் அடி காய்ந்த பனையோலையை இழுத்த மாதிரி வந்தது. பின்னாலிருந்து துணைக்குரல் உடனே பளிச்சென்று கிளம்பியது. ஓதுவார் திரும்பாமலே கையை உயர்த்தினார், அது அடங்கியது. இரண்டாம் அடி. வாய்க்குள் இடது பக்கம் காலியாக, வீட்டில் ஒரு தூண் எடுத்த மாதிரி இருந்தது. நாக்குக்கு எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. எழுத்து எழுத்தாகப் பிடித்துக்கொண்டு போனார். குரலில் பழைய வழுக்கல் இல்லை. மேலே போகும்போது பிசிறு அடித்தது. வேர்க்க வேர்க்கப் பாடி முடித்தார். கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். தீர்ப்புக் கேட்க நிற்கிறவன் நிலை.

தர்மகர்த்தா எழுபது தாண்டியவர். கம்பை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார்.

“ஓதுவாரே.”

“எசமான்.”

“இன்னைக்கு என்னவே பாடினீரு?”

“எப்பவும் பாடுதது தான், எசமான்.”

“எப்பவும் பாடுததா?” கிழவர் கண்ணைச் சுருக்கினார். “தமிழாவே அது? இத்தனை வருஷமா நான் வடமொழின்னுல்லா நினைச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்! இன்னைக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் தெறிச்சு விழுது. நல்லாயிரும்!”

கன்னத்தில் சுள்ளியை வைத்துக்கொண்டு பாடினால் எல்லா மொழியும் வடமொழிதான் என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தங்களுக்கு ஞானம் போதாது என்று ஆகிவிடுமே என்று ஊர் பயந்திருக்கிறது. ஊருக்கும் ஒரு பயம் வேண்டாமா?

கதை இத்தோடு முடிந்திருந்தால் முருகனுக்கும் நீர்முள்ளிக்கும் சண்முகசுந்தரிக்கும் ஆளுக்கு ஒரு பங்கு புகழ் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போகலாம். அந்த மூடை ஒன்று பாக்கி இருக்கிறது. சாமிக்குப் போனது எங்கே போகும்? பிரசாதமாகத் திரும்பி வரும். குருக்கள் ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தார். முக்கால் மூடை ஒரே ஆளுக்குப் போயிற்று. அத்தான் குரலின் ரகசியம் அந்த வேர்தான் என்று பின்னால் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவன் தில்லைநாயகம். அத்தான் விட்டதை அவன் பிடித்துக்கொண்டான்.

ஓதுவாருக்கு இது மாசியில்தான் தெரிந்தது. உச்சிக்காலப் பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். தில்லைநாயகம் எதிரே நின்று தூணில் சாய்ந்துகொண்டு யாரிடமோ, “பிடரி ஒரே கனமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது இடது கன்னம் மேலும் கீழும் அசைந்தது. ஓதுவாரின் கண் கன்னத்திலிருந்து காலுக்கு இறங்கியது. கணுக்கால் பளபளவென்று, எண்ணெய் பூசின பானை மாதிரி. தாம் விட்ட வேரும் தம்மை விட்ட வீக்கமும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

அந்த இடத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. பேசாமல் இருந்தால் பின்னால் நிற்கிற குரல் தானாகவே ஓய்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாத கணக்கு இல்லை. அவர் ஒரு நிமிஷம் அசையாமல்தான் நின்றார். பிறகு விடுவிடுவென்று நடந்து போய், அத்தனை பேர் முன்னாலும் மச்சினன் காலடியில் குனிந்து உட்கார்ந்தார்.

கூட்டம் ‘ஐயய்யோ’ என்றது.

“அத்தான்! என்ன இது! என் காலைப் போயித் தொடுதீகளே! எனக்குல்லா பாவம்!” தில்லைநாயகம் பின்வாங்கினான்.

ஓதுவார் கணுக்காலை விடவில்லை. கட்டை விரலால் அமுக்கினார். உதடு அசைந்தது. நமசிவாய. குழி அப்படியே இருந்தது. இன்னொரு நமசிவாய.

நிமிர்ந்து பார்த்தார். “துப்புலே.”

“அத்தான், முருகன் பிரசாதம்! கோயிலுக்குள்ள வச்சு…”

“பாவம் என் தலையில விடியட்டும்” என்று ஓதுவார் தம் உள்ளங்கையை ஏந்தி அவன் வாய்க்கு நேரே நீட்டினார். “துப்புலே, என் கையில துப்பு.”